இசைத்தட்டில் இறந்தவர்

“செத்தவன் இப்பிடிக் கத்துவானே தம்பி?”

“நான் சொல்லல்ல அங்கிள். நீங்க மௌத்தாகிட்டீங்கன்டுதான் எங்களுக்குச் சொன்ன.”

“ஆர் சொன்னது?”

“இசைத்தட்டு உறையிலயும் அடிச்சாச்சு அங்கிள். பாருங்க, பிறந்த வருஷம், மௌத்தான வருஷம், ரெண்டும் ஈக்கி.”

“பிறந்ததும் பிழை. ரெண்டு வயசு கூட்டிப் போட்டிருக்கிறியள்.”

இந்தச் சத்தம் கேட்டபோது நான் என் சமையலறையில் வெந்தயம் ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீடுகளைக் கடற்காற்று வீசும் வீடு என்று சொல்லி விற்றவர்கள், சுவரின் தடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று மேல்வீட்டு பைறோஸா சொல்லித் திரிகிறார். ஒட்டுக்கேட்பதற்கு முயற்சி வேண்டும். இங்கே சும்மா இருந்தாலே போதும்.

நடந்ததை எழுதித் தரும்படி மாடிச் சங்கச் செயலாளர் சிவானந்தன் கேட்டதால் எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் படிப்பித்தவள் நான். ஒழுங்காகவே எழுதுவேன்.

யோகநாதன் என் பக்கத்து வீட்டுக்காரர். எழுபதுகளில் ‘சால்ட் விண்ட்ஸ்’ என்ற ராக் குழுவில் கிற்றார் வாசித்தவர். அந்தக் காலத்துப் படத்தில் தலைமயிர் தோள்வரை தொங்கும். இப்போது தோள் மட்டும்தான் மிச்சம். மனைவி தவறிய பிறகு, பதினொரு வருடத்துக்கு முன் இங்கே வந்தார். தினமும் ஆறு மணி ரயில் கடற்கரையோரம் போய் மறைந்ததும் கிற்றாரை எடுப்பார். நான் கதிரையைச் சுவரோடு போட்டுக்கொண்டு இருப்பேன். எனக்கு வேறு ஆறு மணி கிடையாது.

“சத்தம் கரைச்சலோ ரீச்சர்?” என்று ஒருநாள் கேட்டார்.

“கேக்கிறதே இல்லை” என்றேன்.

அவரிடம் இருப்பது பொத்தான் அமத்துகிற பழைய போன். வெளிநாட்டிலிருந்து யாராவது தேடினால் என்று, எல்லோருக்கும் என் வைபர் இலக்கத்தைத்தான் கொடுத்து வைத்திருந்தார். வயதானவர்கள் தனியே இருக்கிற மாடிகளில் இது வழக்கம்தான். யாராவது ஒருவர் எல்லோருக்கும் போனாக இருப்பார். எங்கள் மாடியில் அது நான்.

போன வருடம் வைகாசியில் ஷாமில் அந்த இலக்கத்துக்கு எடுத்தான். மருதானையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிற பெடியன். ‘சால்ட் விண்ட்ஸ்’ஸின் பழைய ஒலிநாடாக்கள் அகப்பட்டதாகவும், இரைச்சலை நீக்கி, ரீமாஸ்டர் செய்து, நல்ல பாட்டுகள் பதினான்கைத் தெரிந்தெடுத்து பெரிய இசைத்தட்டாகப் போடப் போவதாகவும் சொன்னான். நல்ல விஷயம் என்றேன். பிறகு, குழுவில் பாடிய ஜசிந்தா மெல்பேர்னில் தனியாக இருக்கிறார், மார்கழியில் வந்து யோகநாதனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்றான்.

அவர் ஆட்களைச் சந்திப்பதில்லை என்று முதல் தரம் சொன்னேன். ஊரில் இல்லை என்று இரண்டாம் தரம். பெடியன் விடுகிற மாதிரி இல்லை. மூன்றாம் தரம், போன செவ்வாய்க்கிழமை காலமாகிவிட்டார் என்றேன். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை. செத்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்கிற நாகரிகமாவது நம்மிடம் மிஞ்சியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஜசிந்தாவே எடுத்தார். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, குரல் இன்னும் கெடவில்லை. அனுதாப அட்டை அனுப்ப முகவரி கேட்டார். என் வீட்டு இலக்கத்தைக் கொடுத்தேன். போனை வைக்கப் போகிறார் என்று நினைத்த நேரத்தில், “கடைசி நேரம் நீங்கள் பக்கத்தில இருந்தீங்களா ரீச்சர்?” என்றார்.

“ஓம்.”

“என்ட பேர் ஏதும் சொன்னாரா?”

“இல்லை” என்றேன்.

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவர் சாகவேயில்லை, பிறகு எப்படிச் சொல்லியிருப்பார்? பின்னேரங்களில் வாசித்து முடித்த பிறகு அந்தப் பெயரை அவர் தனியே சொல்லி நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அது வேறு விஷயம். ஜசிந்தா கேட்டது கடைசி நேரத்தைப் பற்றி.

ஷாமில் நல்ல வளர்ப்பு. நான் சொன்ன திகதியைக் குறித்துவைத்து, ஒரு வருடம் முடிகிற அன்று ஆட்டைத் திவசம் இருக்கும் என்று யாரிடமோ விசாரித்து, ஜசிந்தாவிடம் என் முகவரியை வாங்கி, இசைத்தட்டைப் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டுமென்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருக்கிறான். என் கதவைத் தட்டுமுன் பக்கத்துக் கதவில் யோகநாதனின் பெயர்ப்பலகையைக் கண்டு அங்கே தட்டினான். பெயர்ப்பலகையை நான் யோசிக்கவில்லை.

திகதியை நானும் மறக்கவில்லை. சொன்ன சொல்லுக்கு மரியாதை செய்ய வேண்டும். அன்று விடிய எழும்பி ஏழு கறி வைத்து, வடை சுட்டு, மத்தியானம் யோகநாதனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“என்ன விசேஷம் ரீச்சர்?”

“ஒராளின்ர ஆட்டைத் திவசம்.”

“ஆற்ற?”

“தெரிஞ்ச ஒராள்.”

“பாவம்” என்று சொல்லி, இன்னொரு வடை கேட்டார்.

பின்னேரம்தான் அந்தச் சத்தம். “சொன்ன நம்பருக்கு இப்பவே எடுக்கிறன் அங்கிள்” என்று ஷாமில் சொன்னதும் எனக்குக் கேட்டது. போன் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. என் கை ஈரம். அது அடித்தது. பதினொரு வருடமாக அந்தப் பக்கத்துச் சத்தத்தை எனக்குக் கொண்டுவந்த சுவர், முதல் தரமாக என் பக்கத்துச் சத்தத்தை அங்கே கொண்டுபோனது.

“விடும் தம்பி” என்றார் யோகநாதன், கத்தாமல். “அது ரீச்சரின்ர போன்.”

ஷாமில் போன பிறகு வந்தார். நான் சோறு கொண்டுபோன கரியரைக் கழுவித் துடைத்திருந்தார். அதன் மேல் இசைத்தட்டு.

“ஜசிந்தா பங்குனியில கலியாணம் முடிச்சிட்டாவாம், ரீச்சர். கோயில்ல பாடுற ஒருத்தரை. நான் இல்லையெண்டபடியால்தானாம்.” பிறகு இசைத்தட்டைக் காட்டி, “இதை நீங்களே வைச்சிருங்கோ. உறையில இருக்கிறது உங்கட எழுத்துத்தானே” என்றார். பதினொரு வருடத்தில் அவர் எனக்குத் தந்த ஒரே பரிசு அது.

அடுத்த மாதம் தெஹிவளைக்கு, தங்கச்சியின் மகள் மிதுனா வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு சோடி இருக்கிறது. தொலைக்காட்சி மட்டும்தான் கேட்கிறது.

ஆறு மணிக்கு நான் இசைத்தட்டைப் போடுகிறேன். இரைச்சலோடு அவருடைய இருமலையும் கதிரைச் சத்தத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். சுவர் வழியே இதைவிடத் தெளிவாக இருந்தது. உறையில் இறந்த வருடத்தை எடுத்துவிட்டு இரண்டாம் பதிப்பு போட்டிருப்பதாகவும், பழையதைக் கொடுத்தால் மாற்றித் தருவதாகவும் ஷாமில் செய்தி அனுப்பினான். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். என்னிடம் இருப்பது முதல் பதிப்பு. இதில் அவர் தெஹிவளைக்குப் போகவில்லை.