அவள் மேடையில் பாடாத வரி

தண்ணீர் போதும் ஐயா. தேநீர் குடித்தால் எனக்குக் கை நடுங்கும், வில் பிடிக்கிறவனுக்கு அது ஆகாது. இத்தனை வருடப் பழக்கம், சட்டென்று விடமாட்டேன் என்கிறது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். மலை சரிந்தது காலை ஷிஃப்ட் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து. அடிவாரத்துத் தையல் ஆலை தப்பித்தது, அதன் பின்னால் இருந்த குடியிருப்பு மண்ணுக்குள் போயிற்று. எங்கள் குழுவில் ஏழு பேர். கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு, கம்பெனி ஆண்டு விழா என்று வாசித்துப் பிழைக்கிறவர்கள். நான் வயலின், குழுவை நடத்துவதும் நானே. செய்தியில் அந்த மண்மேட்டைப் பார்த்தபோது, "நமக்குத் தெரிஞ்சது இதுதான், வாசிச்சுப் பணம் சேர்ப்போம்" என்று முதலில் சொன்னவன் நான். வீடு போன அறுபது குடும்பங்களுக்கு அடுத்த மழைக்குள் கூரை போட்டுவிட வேண்டும். அந்த எண்ணத்தில் கலப்படம் இல்லை. அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நிகழ்ச்சி உப்புச் சப்பில்லாமல் முடிந்தது. பாதி நாற்காலி காலி. இருந்தவர்களும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது நிகழ்ச்சிக்கு ஆலையிலிருந்து சில பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி இடைவேளையில் என்னிடம் வந்து, "அண்ணா, நான் ஒரு பாட்டுப் பாடட்டுமா?" என்றாள். மிஷினில் உட்கார்ந்திருந்ததால் பிழைத்தவள். ஆறு வயது மகள் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள், உடல்கூடக் கிடைக்கவில்லை. கணவன் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவள் பாடியது அவளே கட்டிய தாலாட்டு. தையல்காரியின் தாலாட்டு. சிவப்பு நூல் தூங்குது, பச்சை நூல் தூங்குது, கத்தரிக்கோல் வாய மூடித் தூங்குது என்று ஒவ்வொன்றாகத் தூங்க வைத்துக்கொண்டே போகும். நான் மட்டும் மெல்லக் கூட வாசித்தேன். பாடி முடித்தபோது மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு அவள் எங்களோடு வண்டியில் வந்தாள். செய்தித்தாளில் 'தாலாட்டு அம்மா' என்று படம் போட்டார்கள். நிகழ்ச்சி அறிவித்த அன்றே இடம் நிரம்பியது. வண்டியில் சும்மா இருக்கமாட்டாள். ட்ரம்ஸ்காரனை 'இடி' என்போம், அவன் சட்டை எப்போதும் அக்குளில் கிழிந்திருக்கும், அதைத் தைப்பாள். என் கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொடுத்தாள். ஒரு நாள் அவளாகவே சொன்னாள்: "கடைசி வரி ஒண்ணு இருக்குண்ணா. 'குட்டி பாபின் மட்டும் ஏன் தூங்கலை'ன்னு முடியும். அவளை நான் பாபின்னுதான் கூப்பிடுவேன், மிஷின்ல நூல் சுத்துற அந்தக் குட்டி உருளை மாதிரி ஒரு இடத்துல நிக்காம உருண்டுக்கிட்டே இருப்பா. அந்த வரி எனக்கு வாயில வரமாட்டேங்குது." வேண்டாம் என்றேன். அந்த வரியை அவள் மகளையும் என்னையும் தவிர யாரும் கேட்டதில்லை.

நான்காவது நிகழ்ச்சிக்கு மறுநாள் ஒரு நர்ஸ் அழைத்தாள். சுவரொட்டியில் என் எண்தான் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து நிவாரண முகாமில் வேலை செய்கிறவள். சரிவு நடந்த அன்று ஒரு லாரி டிரைவர், தலையில் அடிபட்ட குழந்தையைச் சேற்றிலிருந்து தூக்கி அந்தப் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார். சாலை துண்டாகிவிட்டதால் யாருக்கும் தகவல் போகவில்லை. குழந்தை ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. பெயர் தெரியாத சிறுமி என்று பட்டியலில் எழுதி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இப்பதான் பேசுறா சார். பேர் கேட்டா பாபின்னு சொல்றா. ரேடியோவுல அந்தத் தாலாட்டு வந்துச்சு, கூடவே பாடினா. அவங்க பாடாத ஒரு வரியும் பாடினா சார்."

என்ன வரி என்று கேட்டேன். சொன்னாள்.

ஆகவே, சந்தேகத்தில் சும்மா இருந்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

"நல்லது, நான் பக்குவமா சொல்றேன்" என்றேன். வண்டிக்குப் போனேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டீங்களாண்ணா? முகம் வாடியிருக்கு" என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். குழந்தை பத்திரமான இடத்தில் இருக்கிறது. வேளைக்குச் சோறு, பார்த்துக்கொள்ள நர்ஸ். சொன்னால் அவள் அந்த நிமிடமே கிளம்பிவிடுவாள். அவள் போனால் மண்டபம் காலி, மழை வரும், அறுபது வீட்டுக் குழந்தைகள் தார்ப்பாய்க்குக் கீழே நனையும். ஒரு குழந்தை கொஞ்ச நாள் காத்திருந்தால் போதும். என் நிலையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள், நானும்தான்.

நர்ஸ் மறுபடி அழைத்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் அதிர்ச்சி கூடாது என்கிறார் என்றேன். மூன்றாம் முறை அழைத்தபோது, அந்த அம்மா தன் மகளின் உடலை அடையாளம் காட்டிவிட்டார், இது வேறு யாரோ, பாட்டை ரேடியோவில் கேட்டுக் கற்றிருக்கும் என்றேன்.  அவள் "சரி சார்" என்று வைத்துவிட்டாள். நல்ல பெண். பெரியவர்கள் சொன்னால் நம்புகிறவள்.

என் மனைவி மட்டும் என்னைப் பார்த்துக் கவலைப்பட்டாள். "ஊர் துக்கத்தையெல்லாம் நீங்க ஒருத்தரே சுமக்கிறீங்க, பாதி உடம்பா ஆயிட்டீங்க" என்றாள். அது உண்மை. சோறு இறங்கவில்லை. வில்லைக் கையில் எடுத்தால்தான் சரியாகும்.

பத்தாவது நிகழ்ச்சியிலிருந்து தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். முகாமில் ஒரு டிவி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அந்தக் குழந்தை அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. முதல் வாரம் ஓடிப்போய்த் திரையைத் தொட்டதாம். ஏழாவது வாரம், பதினாறாவது நிகழ்ச்சியன்று, நர்ஸ் அதைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

தாலாட்டு நடந்துகொண்டிருந்தது. மேடைத் திரை ஓரத்தில் வெள்ளைச் சீருடையும் அதைப் பிடித்தபடி ஒரு சின்னக் கையும் தெரிந்தன. அவள் கூட்டத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. கடைசி அடி முடிந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். மறுபடி தொடக்கத்துக்கு எடுத்தேன். பாவம், அவளும் கூடவே பாடினாள். இரண்டாம் முறையும் எடுத்தேன். தாலாட்டுக்கு ட்ரம்ஸ் கிடையாது, இடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஓரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எழுந்து வந்து என் வில்லை அப்படியே பிடித்துக்கொண்டான். "போதும் வாத்தியாரே" என்றான். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. ஓடினாள். குழந்தை ஓடி வரவில்லை. நர்ஸின் பின்னால் ஒளிந்துகொண்டு, "நீ டிவியில பாடிக்கிட்டே இருந்தே, என்னைத் தேடவே இல்லை" என்றது. இன்னும் அம்மாவிடம் படுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். காலப்போக்கில் சரியாகும். குழந்தைகள் மறந்துவிடுவார்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆம், அறுபது கூரைக்கும் வேண்டிய பணம் ஏழாவது நிகழ்ச்சியோடு சேர்ந்துவிட்டது. வீடு கட்டுகிற மேஸ்திரி நேரில் வந்து, "போதும் சார், இனி நாங்க பாத்துக்கிறோம்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் ஒன்பது வாசித்தோம். குழுவில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

முப்பத்தொரு வருடம் வரவேற்புகளில் வாசித்திருக்கிறேன் ஐயா. ஒருவர்கூடத் தட்டிலிருந்து தலை நிமிர்ந்ததில்லை. அவள் பக்கத்தில் நின்றபோதுதான் மண்டபம் மூச்சு விடாமல் என் வயலினைக் கேட்டது. அந்தக் கண்ணீரில் பாதி எனக்காக வந்தது. இதை அவளும் மறுக்கமாட்டாள்.