தொண்டி மைதானத்தில் ஊதிய விசில்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றுத் தகுதி சேர்த்திருக்கும் பெரியவர் பொன்னுச்சாமி அவர்களே! வாழ்த்த வந்திருக்கும் வயதில் மூத்தோரே! பந்தாடப் போன பிள்ளை என்ன காயத்தோடு திரும்புவானோ என்று வாசலையே பார்த்திருந்து பழகிய தாய்மார்களே! வெயிலில் ஓடி, விதிகளைக் கற்று, நாளை நடக்கும் தேர்வு ஆட்டங்களில் விசிலோடு இறங்கப் போகும் கால்பந்து நடுவர்களே! உங்கள் அனைவருக்கும் உப்பூர் செல்லச்சாமியின் வணக்கம்; இசுலாமியப் பெருமக்களுக்கு என் ஸலாம்.

இந்த ஆண்டு முதல் நடுவர்களைத் தரம் பிரிக்கும் தேர்வுக் குழுவுக்கு என்னைத் தலைவனாக்கியிருக்கிறார்கள். மாலையும் போட்டார்கள். மகிழ்ச்சியோடு பேசு என்றார்கள். மகிழ்ச்சி வரவில்லை, பெரியோர்களே! மனத்தில் ஒரு மனிதன் நிற்கிறான். அவன் கதையைச் சொல்லாமல் இந்த ஒலிபெருக்கியை விட்டு நகர என் கால் ஒப்பவில்லை.

அவன் பெயர் சதக்கத்துல்லா. தொண்டிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவன். நானும் அவனும் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். கடலோர மணலில், எதிர்க்காற்றில் ஓடுவோம். எனக்கு மூச்சு வாங்கும், அவனுக்கு வாங்காது. ஆடுபவன் காலைப் பார்க்காதே, பந்தைப் பார் என்று எனக்கு அடிக்கடி சொல்வான். நடுவர் தேர்வில் மூன்றாம் வகுப்பில் தேறினோம். இரண்டாம் வகுப்பிலும் தேறினோம். முதல் வகுப்புக்கு அவனைச் சோதிக்க ஓர் இறுதி ஆட்டத்தைக் கொடுத்தார்கள். எந்த ஆட்டம்? தொண்டிக்கும் உப்பூருக்கும் நடந்த கோப்பை ஆட்டம்! அவன் ஊர் ஒரு பக்கம். என் ஊர் ஒரு பக்கம். அவன் நடுவர், நான் கோட்டோரம் கொடி பிடித்த லைன்ஸ்மேன்.

ஏன் அப்படிப் போட்டார்கள் என்று அங்கே ஒருவர் கேட்கிறார். வேறு ஆள் இல்லை, அய்யா! அந்த நாளில் இந்தச் சீமையில் சட்டம் தெரிந்தவர்கள் அத்தனை குறைவு.

உப்பூர் ஒரு கோல் முன்னால். ஆட்டம் முடியும் நேரம். தொண்டி அணியில் பாக்கர் என்ற வீரன். சதக்கத்துல்லாவின் மனைவி நஸீராவுக்கு உடன்பிறந்த தம்பி. பறந்து வந்த பந்தை நெஞ்சில் வாங்குவதுபோல் கையில் வாங்கி, தரையில் இறக்கி, வலைக்குள் அடித்தான். ஊரே எழுந்தது! கடலே எழுந்தது என்று நினைத்தேன். அந்த ஆரவாரத்தின் நடுவே சதக்கத்துல்லாவின் விசில் கேட்டது. பந்து கையில் பட்டது, கோல் இல்லை!

சொந்த ஊர் என்று பார்த்தானா? சொந்த மச்சினன் என்று பார்த்தானா? மறுநாள் கடை திறக்க வேண்டுமே என்று பார்த்தானா? பந்தைப் பார்த்தான், பார்த்ததைச் சொன்னான்.

கூட்டம் கோட்டைத் தாண்டியது. கல் வந்தது. நான் கொடியை எறிந்துவிட்டு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் அவன் புருவம் பிளந்து, வெள்ளைச் சட்டை சிவந்துவிட்டது. அவனைச் சோதிக்க வந்த தேர்வாளர்களோ பந்தலுக்குள் போய்விட்டார்கள்.

கை தட்டாதீர்கள், தம்பிகளே. இது கை தட்டும் இடம் இல்லை.

பிறகு விசாரணை வைத்தார்கள். பந்து கையில் பட்டதை நானும் பார்த்தேன் என்று சாட்சி சொன்னேன். நீ உப்பூர்க்காரன், உன் ஊருக்காகப் பேசுகிறாய் என்றார்கள். என் சாட்சியே என் நண்பனுக்கு எதிராகத் திரும்பியது. உப்பூரோடு சேர்ந்துகொண்டான் என்று ஊர் பேசியது. தேர்வுக் குழு தீர்ப்பு எழுதியது: “கூட்டத்தை அடக்கும் திறன் இல்லை. நடுவராக இருக்கத் தகுதி இல்லை.” முதல் வகுப்பு கேட்டவனுக்கு இருந்த வகுப்பும் போயிற்று.

கடைக்கு ஆள் வருவது நின்றது. மாமியார் வீட்டு வாசல் அவனுக்கு அடைபட்டது. நஸீரா தன் தாயைப் பார்க்கப் போனால், அவன் தெருமுனையில் நிற்பான். அந்தத் தாய் படுத்த படுக்கையாகி மவுத்தானபோதும் தெருவில்தான் நின்றான். மய்யித்து அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பும்போது, பாக்கர் அவன் எதிரே வந்து நின்றான். பக்கத்தில் நான் இருந்தேன்.

“மச்சான், அது கையிலதான் பட்டுச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். கோல் போட்டவன்னு எல்லாரும் என்னையத் தோள்ல தூக்கிட்டாங்க. எறங்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. உம்மாகிட்டக்கூடச் சொல்லல.”

சதக்கத்துல்லா அவனைத் திட்டவில்லை. தோளில் கை வைத்தான். “உம்மாகிட்டயாச்சும் சொல்லிருக்கலாமேப்பா” என்றான். அவ்வளவுதான்.

பாக்கரே தேர்வுக் குழுவிடம் போய் உண்மையைச் சொன்னான். குழு கூடியது. தவறு என்று ஒப்புக்கொண்டதா? இல்லை! மீண்டும் தேர்வு எழுதட்டும், பார்க்கலாம் என்று ஆள் அனுப்பியது. வந்தவரிடம் சதக்கத்துல்லா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

“நான் அன்னைக்கே தேர்வு எழுதிட்டேன், அய்யா. அதுல தேறாதது நான் இல்ல.”

அவன் திரும்ப விசில் எடுக்கவில்லை. கடையை விற்று, நஸீராவையும் அழைத்துக்கொண்டு பினாங்குக்குக் கப்பல் ஏறினான். போன மாதம் அங்கிருந்து வந்த தவசி என்ற நண்பர் சொன்னார்: பிள்ளைகள் பந்தாடும் திடலைக் கண்டால் சதக்கத்துல்லா தெருவைக் கடந்து அந்தப் பக்கமாக நடந்துவிடுகிறானாம். எவ்வளவு பெரிய நடுவனை எவ்வளவு சிறியவர்களாக இருந்து இழந்தோம்!

நாளைய நடுவர்களே! சரியாக ஊதினால் ஊர் உங்களைக் கொண்டாடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கொண்டாடாது. தனியாக நிற்பீர்கள். உங்களில் சிலர் வீட்டிலும் தனியாக நிற்பீர்கள். அப்படியும் ஊத முடியும் என்றால் மட்டும் நாளை வாருங்கள்.

என்னோடு தேர்வுக் குழுவில் அமரும் நண்பர்களே! உங்களுக்கும் ஒரு சொல். நாளை எந்த நடுவரைக் கூட்டம் சூழ்ந்தாலும், அவரருகே முதலில் போய் நிற்க வேண்டியவர்கள் நாம். அவருக்கு விழும் அடி நமக்கும் விழட்டும். அதன் பிறகு மதிப்பெண் போடுவோம். அதற்கு மனமில்லாதவர் இந்தக் குழுவில் வேண்டாம். இப்போதே இந்த மேடையில் விலகிவிடலாம்.

யாரும் எழவில்லை. நல்லது. இதை இந்த அவையே சாட்சியாகக் கேட்டிருக்கிறது.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மாருக்கும் நன்றி. பினாங்கில் இருக்கும் என் நண்பனுக்கு இங்கிருந்தே ஒரு ஸலாம். காலையில் மைதானத்தில் சந்திப்போம். வணக்கம்.