மலேசியாவுல இருந்து வந்த இலை

காந்திமதி: ஏங்க, தண்ணிக் குடத்த யாரு தூக்கியாந்து உள்ள வச்சது?

விருத்தாசலம்: பேய் வந்து வச்சிட்டுப் போச்சி.

காந்திமதி: விளையாடாதீங்க. இடுப்பு வலியில செருப்பு மாட்டவே குனிய முடியாத மனுசன்...

விருத்தாசலம்: இப்ப பாரு. குனியறேன். நிமிர்றேன். இன்னொரு தபா வேணுமா?

காந்திமதி: ஐயோ, போதும்... எப்பிடிங்க?

விருத்தாசலம்: பச்சிலைய வெளிய சொன்னா பலிக்காது.

காந்திமதி: நான் வெளியாளா?

விருத்தாசலம்: உனக்குச் சொன்னா பெருமுக்கல் ஊரு பூரா மைக்குல சொன்ன மாதிரி.

காந்திமதி: அப்ப சோறும் வெளிய போய்த் துன்னுங்க.

விருத்தாசலம்: ...சரி, கிட்ட வா. இருதயராஜ் குடுத்தான்.

காந்திமதி: உங்ககூட வண்டி ஓட்டிக்கினு இருந்துட்டு மலேசியா போனாரே, அவரா?

விருத்தாசலம்: அவன்தான். கெத்தும்னு ஒரு மரம். இலையக் காயவச்சிப் பொடி பண்ணது. அங்க இவங்கூட வேலை பாத்தவங்க காலையில அதக் கொதிக்கவச்சிக் குடிச்சிட்டுதான் மூட்டையவே தொடுவாங்களாம். வலின்ற பேச்சே இல்லியாம்.

காந்திமதி: உங்களுக்கும் இல்லியா?

விருத்தாசலம்: இல்லியே. காந்தி, திங்கக்கிழம மறுபடியும் குட்டியானை வண்டிய எடுக்கறேன். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை லோடு. மொதலாளி வேங்கடேசன்கிட்ட ஒத்துக்கினேன்.

காந்திமதி: நீங்களே ஓட்டிக்கினா...

விருத்தாசலம்: பின்ன, நீயா ஓட்டப்போற?

காந்திமதி: இருங்க, அருணாவுக்குப் போன் போடறேன். நர்ஸ் படிக்கிற பொண்ண வச்சிக்கினு...

விருத்தாசலம்: நேத்தே போட்டுட்டேன்.

காந்திமதி: அவகிட்ட சொன்னா மட்டும் பலிக்குமா?

விருத்தாசலம்: நீ வேற. விழுப்புரத்துல கூடப் படிக்கிறதுங்க எல்லாத்தையும் கேட்டுட்டு, திரும்பப் போன் போட்டுத் திட்டித் தீத்துட்டா. மலேசியாவுல வித்தா போலீஸ் புடிக்குதாம். தாய்லாந்துல தடை போட்டு, அப்பறம் அவங்களே எடுத்துட்டாங்களாம். அமெரிக்காவுல ஒரு ஊர்ல ஆகும், பக்கத்து ஊர்ல ஆகாதாம்.

காந்திமதி: அப்ப நல்லதா, கெட்டதா?

விருத்தாசலம்: அதத்தான் ஒருத்தரும் ஒழுங்கா சொல்ல மாட்றாங்க. காபிச்செடி வகையறாவாம். நம்ம ஏரிக்கரை நீர்க்கடம்புக்குப் பங்காளியாம். கடம்பு யாரக் கொன்னுது?

காந்திமதி: பங்காளின்னாலே எனக்கு பயந்தாங்க.

விருத்தாசலம்: உன் வாய் இருக்குதே...

காந்திமதி: வேற என்னா சொன்னா? முழுங்காதீங்க.

விருத்தாசலம்: ராத்திரி தூக்கத்துக்குப் போடற மாத்திரையோட இது சேரக்கூடாதாம். மூச்சு அடங்கிடுமாம். டாக்டர்கிட்ட சொல்லிடுன்னா.

காந்திமதி: சொல்லிடுங்க.

விருத்தாசலம்: சொன்னா இலைய நிறுத்துன்னுவாரு. அப்பறம் வண்டிய எவன் எடுக்கறது? மாத்திரைய விட்டுடறேன், போதுமா?

காந்திமதி: என் தலைமேல கைய வச்சி சொல்லுங்க.

விருத்தாசலம்: வச்சிட்டேன். எண்ணெப் பிசுக்கு.

காந்திமதி: ...எனக்கும் ஒரு ஸ்பூன் குடுங்க. முட்டிக்கு.

விருத்தாசலம்: உனக்கு எதுக்கு?

காந்திமதி: நீங்க ஜல்தியா வண்டியில போவீங்க, நான் நொண்டிக்கினு நிக்கணுமா?

விருத்தாசலம்: ...சரி. டப்பாவத் தொடாத. நானே கலக்கித் தரேன்.

*

விருத்தாசலம்: நேத்து குடிச்சியே, முட்டி எப்பிடி இருக்குது?

காந்திமதி: பறந்துடுச்சிங்க. பாருங்க, உக்காந்து எழுந்திரிக்கறேன்.

விருத்தாசலம்: செவுத்தப் புடிக்காமயா...

காந்திமதி: புடிக்காமதான்.

விருத்தாசலம்: அடியே... அப்ப திங்கக்கிழம நீயும் வண்டியில ஏறு. லோட எறக்கிட்டு திண்டிவனத்துல பிரியாணி.

காந்திமதி: முன்சீட்டு எனக்குத்தான். வேங்கடேசன பின்னால மூட்ட மேல உக்கார வையிங்க.

விருத்தாசலம்: மொதலாளியவா... வைக்கறேன், வைக்கறேன்.

*

அருணா: ம்மா, இருதயராஜ் மாமா இப்பதான் போறாரு. அழுவுறாரு. அங்க நாங்க அத்தன பேரு குடிச்சோமே, ஒண்ணும் ஆவலியேன்றாரு.

காந்திமதி: அவரு என்னா பண்ணுவாரு. ஞாயித்துக்கிழம உங்கப்பாவுக்குப் படுத்தா தூக்கமே புடிக்கல. விடிஞ்சா வண்டின்னு ஒரே குஷி. எனக்குத் தெரியாம எழுந்து போய் மாத்திரையப் போட்டுக்கினு வந்து படுத்திருக்காரு. காலையில எழுப்புனா, எழுந்திரிக்கவே இல்ல.

அருணா: டாக்டர் இலைதான்னும் சொல்லல, மாத்திரைதான்னும் சொல்லல. ரெண்டும் சேந்திருக்கலாம்னாரு.

காந்திமதி: இனிமே தெரிஞ்சி என்னா பண்றது.

அருணா: ம்மா, ஒண்ணு சொல்லணும். அப்பா சொல்லக்கூடாதுன்னிருந்தாரு. உனக்குக் கலக்கித் தந்தது அந்த இலையே இல்ல. முருங்கை இலைப் பொடி. எனக்கு ஒத்துக்குதான்னு பாக்கறேன், அதுவரைக்கும் உங்கம்மா வாயில அது படவாணாம்னாரு.

காந்திமதி: தெரியும்டி.

அருணா: தெரியுமா?

காந்திமதி: நெதம் ஆய்ற கீரை. வாசனை தெரியாதா எனக்கு? அவரு அவ்ளோ ஆசையா கேட்டாரு, எப்பிடி இருக்குதுன்னு...

அருணா: அப்ப முட்டி?

காந்திமதி: அன்னிக்கும் வலிச்சிது. இப்பவும் வலிக்குது.