சிவப்பு போதாத வெளிச்சம்

வடகிழக்குச் சீனத்தின் சாங்சுன் குளிரில், மதியம் சாப்பிட்டதும் கண்ணயர எங்கள் ஆய்வகத்தின் உலை அறையைவிட நல்ல இடம் கிடையாது. வென்ஜிங்கும் அங்கேதான் மடக்குக்கட்டிலைப் போட்டுத் தூங்குவாள். அந்த இடத்தை அவளுக்குச் சொன்னதே நான்தான், ஐயா.

என் பொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யூரோப்பியம், டெர்பியம் என்ற அருமண் உலோகங்களைத் துளித்துளி சேர்த்து, மூசை என்ற சுடுகிண்ணத்தில் இட்டு, கரித்தூளில் புதைத்துச் சுட வேண்டும். ஊதா விளக்கின்மேல் பூசினால் வெள்ளை வெளிச்சம் வரும். பாதி ஆயுளை அதற்குக் கொடுத்தேன். ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வார்டுகளுக்கு அந்த விளக்கு போவதாக இருந்தது. நான் சொல்லும் நாளுக்கு மறுநாள், விளக்கைத் தேர்வு செய்யும் குழு வரவேண்டும்.

வென்ஜிங் என் மாணவி. கெட்டிக்காரி, வாய் மட்டும் சும்மா இருக்காது. வெள்ளையைச் சோதிக்கும் முன், கண்ணுக்கு நிஜ வெள்ளை பழக, வெளியே போய்ப் பனியைப் பார்த்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். நான் அதை விட்டு வெகுகாலம். அன்று அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து விளக்கடியில் நின்றாள்.

"சார், இதுல சிவப்பு பத்தல. கொழந்தைக்கு உதடு நீலமாப் போனாக்கூட நர்ஸுக்குத் தெரியாது."

அவள் கண்ணில்தான் கோளாறு என்றேன்.

"ஒரே வெளக்கடியில கெடந்தா எதுவும் வெள்ளையாத்தான் சார் தெரியும். நாளைக்கு அவங்ககிட்ட இதைத்தான் சொல்லப்போறேன்."

எனக்கு அவள்மேல் கோபமே இல்லை. குழந்தைகளுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்காமல் போகிறதே என்றுதான் வருத்தம்.

சூட்டில் கரி விடும் வாயுவுக்கு நிறம் கிடையாது, வாடையும் கிடையாது. மூச்சில் ஏறினால் முகம் சிவக்கும், தூக்கத்திலேயே உயிர் போகும். அதை வெளியேற்ற ஒரு குழாய் உண்டு. ஜன்னல் இடுக்குகளிலோ குளிருக்காகக் காகிதம் ஒட்டியிருப்போம். மதியம் சாப்பிட்டதும், படுத்தபடியே உலையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளம்மா என்று அவளை உள்ளே அனுப்பினேன்.

"சரி சார். ஒறஞ்ச பேரிக்காயத் தண்ணில போட்டு வெச்சிருக்கேன். எளகினதும் எடுத்துச் சாப்புடுங்க."

எச்சரிக்கை மணியின் பேட்டரியை முன்பே எடுத்திருந்தேன். வெளியே போய், என் கம்பளிக் கையுறையைக் குழாய்வாயில் அடைத்தேன். பிறகு பேரிக்காய் சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் லேசாக மூச்சு இருந்தது. நழுவியிருந்த கோட்டை இழுத்துப் போர்த்திவிட்டேன். என் விளக்கைப் போட்டு அவள் முகத்தருகே பிடித்தேன். கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு அப்படியே தெரிந்தது, ஐயா. போதாது என்றாளே. அவள் பார்க்கட்டும் என்று பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அந்த நேரத்துக்கு ஜன்னல் வெயில் நேராக அவள் முகத்தில்தான் விழும், சிவப்பைக் காட்டியது அதுதான் என்கிறீர்கள். விழுந்திருக்கட்டும். என் விளக்கும் எரிந்துகொண்டுதானே இருந்தது.