ஆண்டைன்னா இன்னா அர்த்தம்

— இங்கியே நிக்கிறேன் ஆண்டை. என் வூட்டுக்காரர மட்டும் வுட்டுடுங்க.

— மோட்டார் கொட்டாய்ல அவன் ஒரு ராத்திரி பூட்டிக் கிடந்ததுக்கே ஓடி வந்துட்டியா ரூத்து? நேத்து பஸ் நிக்கிற இடத்துல, நாலு பேரு பாக்க, உன் புருஷன் என்னை ‘வணக்கம் சார்’ங்கிறான்.

— மறைமலை நகர்ல கட்டட வேலைக்குப் போறாருல்ல, அங்க எல்லாரையும் சார்னு சொல்லிப் பழக்கம்.

— ஆண்டைன்னு சொல்லுடான்னேன். மாட்டேன்னான்.

— அப்டி சொல்லலியாம். மாரியண்ணன் பக்கத்துலதான இருந்தாரு? கூப்புட்டுக் கேளுங்க. பொய்யா இருந்தா எங்கள ஊரை வுட்டே தொரத்துங்க.

— மாரி! டேய் மாரி! கொட்டாய்க்குக் காவல் நின்னது போதும், இங்க வா. நேத்து அமிர்தநாதன் என்னடா சொன்னான்?

— ‘அடிச்சாலும் அப்டி கூப்புட மாட்டேன்’னான் ஆண்டை. என் காதால கேட்டேன்.

— கேட்டியாடி?

— கோயில்ல ‘ஆண்டவரே’ன்னு கும்புடுறோம். ஆள்றவருன்னு அர்த்தம். ஆண்டையும் அதே வார்த்தைதான்னு அவரு சொல்றாரு. நெசமா ஆண்டை? அந்தப் பேரு உங்களுக்கு எப்டி வந்துச்சு?

— இப்பக் கேட்டியே, இது கேள்வி. எங்க கொள்ளுத்தாத்தா காலத்துல இந்த ஏரி, ஏரிக்குக் கீழ இருக்கிற நஞ்சை, அதுல எறங்குற மாடு, ஆளு, எல்லாம் எங்களுது. சும்மா வந்த பேரா? ஆண்டோம், அதனால ஆண்டை.

— ஆளுங்களுமா?

— ஆளுங்களும்தான். உன் மாமனாரோட அப்பன் இந்த வாசல்ல துண்டை அக்குள்ல இடுக்கிக்கிட்டு நிப்பான்.

— அவரு பேரு இன்னா?

— அது யாருக்குடி ஞாபகம்?

— ஆண்டை, நான் கொட்டாயாண்ட போறேன்.

— இருடா மாரி, நீயும் கேளு. கோதண்டராமன்னு எனக்கு ஒரு பேரு இருக்கு. இந்த ஊர்ல ஒருத்தன் வாய்ல வந்திருக்கா? எங்கப்பா பேரு வந்திருக்கா? நாலு தலைமொறையா எங்க வீட்டு ஆம்பளைக்கு ஆண்டைதான் பேரு. அதை ஒரு சித்தாளு மாத்துவானா?

— மாத்தக் கூடாதுதான்.

— அப்பிடிச் சொல்லுடி ரூத்து. அங்க என்னடி பாக்குற, ரோட்டுப் பக்கம்?

— பஸ்ஸு ஆரன் அடிச்சுது.

— அடிச்சா என்ன?

— பயமாத்தான் இருக்கு. ஆனா கெஞ்சவும் வரல, கத கேக்கவும் வரல. என் தம்பி தாவீது கொட்டாய்ப் பூட்ட ஒடைக்கிற வரைக்கும் உங்க ரெண்டு பேரையும் இங்க நிறுத்தி வெக்க வந்தேன். ஆரன் அடிச்சுதே, என் வூட்டுக்காரரு பஸ்ஸு ஏறிட்டாரு.