மாதா படத்துக்கு முன்னால் நின்ற நடை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் முதியோர் இல்லத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவள் என்று பேச்சில் தெரிந்தது.

“மாதாவால எம் வகுப்பையே நிறுத்தப் போறாவக்கா.”

“ஏட்டி, என்ன பேச்சு இது?”

“பின்ன? பயிற்சியால பலன் உண்டான்னு பாக்க ஒரு சாரு வந்து, ஆச்சிமாரு நடக்குற வேகத்த முதல்ல ஹால்ல அளந்தாவ. பயிற்சி குடுத்த பொறவு, நேத்து வராந்தாவுல அளந்தாவ. திரும்புற எடத்துல மாதா படம். ஒவ்வொருத்தரும் நின்னு செபம் சொல்லிட்டுத்தான் திரும்புதாவ. பயிற்சியால நடை கொறஞ்சு போச்சுன்னு எழுதிட்டாவ.”

“படத்தக் கழட்டிற வேண்டியதுதான?”

“கழட்டி மாடியில மாட்டிட்டு, மறுபடி அளக்கக் கூப்பிட்டேன். கீழ ஒருத்தரக் காணும்.”

“எங்க போனாவ?”

“அம்புட்டுப் பேரும் மாடியேறிப் போயி செபம் சொல்லுதாவ. அளக்க வந்த சாரு, நடக்க ஆளில்லன்னு கெளம்பிட்டாரு.”