முதுகில் தட்டிய கை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், முன் சீட்டு அம்மாள் தன் கணவரின் முதுகில் பட்பட்டென்று அடித்துக்கொண்டே வந்தார்.

“ஏம்மா, புருசன பஸ்லயா போட்டு அடிப்ப?” என்றார் கண்டக்டர்.

“அடிக்கலிங்க, சளிக்குத் தட்டறேன். கையக் குழிச்சிக்கினு தட்டுனா சளி எளகும்னு நர்ஸம்மா சொல்லிக் குடுத்தாங்க. பொண்ணு பிரசவத்துக்கு நான் போயி பத்து நாள் வீட்ல இல்ல, இவருக்கு மறுபடியும் நெஞ்சு கட்டிக்கிச்சு.”

“வீட்ல வேற யாரும் தட்டலியா?”

“மவன் தட்டுனா இவருக்கு ஆவாதாம்.”

கணவர் இருமி, கவரில் துப்பிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

கூட்டேரிப்பட்டு வந்ததும் அம்மாள் கையை உதறினார். “கை கடுக்குதுய்யா. இன்னுமா மூச்சு லேசாவல?”

“விக்கிரவாண்டிலியே லேசாயிடுச்சி,” என்றார் அவர், நிமிராமலே. “நீ தட்டு.”